றம் பீப்பாவில் படித்த எழுத்து

திருகோணமலை
14-05-1977

அன்பு மகள் மைமூனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பிழை என்னுடையது. நீ பொய் சொல்லவில்லை. இரண்டு வருசத்துக்கு முன் ஜேர்மனியில் பாசைப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நீ ஓடி வந்தது நான் அடித்த தந்தியைப் பார்த்துத்தான். வரச் சொல்லி ஒரு தந்தியும் அடிக்கவில்லை என்று நின்றவனும் நான், நீ பரீட்சைக்குப் பயந்து கதை கட்டினாய் என்று உன் சிநேகிதி புஸ்பராணிக்கு எழுதியவனும் நான். இதை எழுதாமல் சுகம் விசாரித்தால் அது சும்மா வாய்ப்பேச்சாகப் போய்விடும் என்று முதலில் எழுதிவிட்டேன். இனி எங்கள் பக்கம், அல்லாஹ்வின் கிருபையால் எல்லாரும் சுகம். உம்மாவின் காய்ச்சல் மாறிவிட்டது, திரும்பவும் என்னோடு வாய் காட்டத் தொடங்கிவிட்டா, ஆகையால் பயமில்லை. தம்பி றஊப் கொழும்பில் வேலையில் இருக்கிறான். என்னுடைய கயிற்றுக் கடையும் துறையடியில் வழமைபோல் நடக்கிறது. நீ அங்கே குளிரில் எப்படி இருக்கிறாய் என்பதை உம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் இருந்து பிறத்தியான் மாதிரிக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இந்த இரண்டாம் முறை நீ போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கோபத்தில் எழுதாமல் இருந்தேன். அந்தக் கோபத்துக்குக் காலே இல்லை என்று போன கிழமைதான் தெரிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். உம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். றஊப் கேள்விப்பட்டால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான் என்று, வரவேண்டாம் என்று நானே போய்த் தந்தி அடித்தேன். அடுத்த நாள் காலைக் கோச்சியில் பையோடு வந்து இறங்கினான். உன்னை வரவேண்டாம் என்றுதானே அடித்தேன், ஏன் வந்தாய் என்று ஏசினேன். அவன் சட்டைப் பைக்குள் இருந்து தந்தியை எடுத்து நீட்டி, நல்லாப் பாருங்கோ வாப்பா, வரவேண்டும் எண்டுதானே கிடக்கு என்றான். தபால் கந்தோரில் பிழை விட்டுவிட்டான்கள் என்று அந்தத் தாளோடு அவனையும் கூட்டிக்கொண்டு நேரே கனகரத்தினத்திடம் போனேன், அவர்தான் அங்கே தந்தி எடுக்கும் கிளார்க்கர், உனக்கு நான் அடித்த அந்தத் தந்தியை எடுத்தவரும் அவரே. சனம் நிற்க, உமக்கு எழுத்துத் தெரியாட்டி கதிரையை விட்டு எழும்பும் ஐசே என்று கத்தினேன். அவர் முதல் நாள் நான் எழுதிக் கொடுத்த தாளைத் தேடி எடுத்து முன்னால் வைத்து, வழமைபோல் என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டு, நானா, கோபியாமல் இதை ஒருக்கா வாசியுங்கோ என்றார். என் கையெழுத்துத்தான். VARAVENDUM. நான் வரவேண்டாம் என்று வாசித்தேன். அவர் வரவேண்டும் என்று வாசித்தார். பின்னால் நின்ற ஒரு மனுசி சிரித்துவிட்டாள். U என்றால் என்ன நானா சத்தம் என்று கேட்டார். 'அ' என்றேன். ஆர் உங்களுக்குப் படிப்பிச்சது என்றார். ஒருத்தரும் படிப்பிக்கேல்ல, யார்ட்டில றம் பீப்பாவில கிடந்தது என்றேன்.

உனக்குத் தெரியும், நான் பள்ளிக்கூடம் போனது குர்ஆனும் கொஞ்சம் தமிழும் மட்டும். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் வெள்ளைக்காரனின் கடற்படை யார்ட்டில் சாமான் இறக்கிய பதினேழு வருசத்தில் பெட்டியையும் பீப்பாவையும் பார்த்துப் பிடித்தது. RUM என்று எழுதியிருப்பான், றம் என்பான். நம் வாயில் படாத சாராயம், எழுத்து மட்டும் கண்ணில் பட்டது. DRUM என்றால் ட்ரம், PUMP என்றால் பம்ப், NUT என்றால் நட்டு. எல்லாவற்றிலும் அந்த எழுத்துக்கு 'அ' சத்தம்தான். அதனால் சொல் எழுத வேண்டி வந்தால் தெரிந்த பெட்டிகளில் இருந்து துண்டு துண்டாக எடுத்துப் பொருத்துவேன். வார்னிஷ் தகரத்தில் இருந்து 'வர', வெண்டிலேட்டர் பெட்டியில் இருந்து 'வேண்', கடைசித் துண்டு DRUM-இல் இருந்து, நடுவில் உள்ள R-ஐ எடுத்தால் 'டம்', கொஞ்சம் நீட்டினால் 'டாம்'. இது எனக்குச் சரியாகத்தான் பட்டது, இப்போதும் முழுப் பிழை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரே எழுத்தை றம்முக்கு ஒரு சத்தமும் வேறு சொல்லுக்கு வேறு சத்தமுமாக வைத்தவனைத்தான் கேட்கவேண்டும். ஜேர்மன்காரன் ஓர் எழுத்துக்கு ஒரு சத்தம்தான் வைத்திருக்கிறான் என்று நீ உம்மாவுக்கு எழுதியிருந்தாய். அவன் புத்திசாலி.

ஆனால் ஒன்றை ஒளிக்க ஏலாது. இரண்டு வருசத்துக்கு முன் அன்றைக்கு, உன் பரீட்சைக்கு நாலு நாள் இருக்க, உம்மா மயங்கி விழுந்ததை றஊப் பயந்துபோய் உனக்கு எழுதிவிட்டான் என்று தெரிந்து நான் தந்தி எழுதிக் கொடுத்தபோது, இதே கனகரத்தினம் தாளைப் பார்த்துவிட்டு, நானா, வெளிநாட்டுக்குப் போற தந்தி, ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ என்று கேட்டார். எனக்கு வாசிக்கத் தெரியாதோ என்று சோதிக்கிறார் என நினைத்தேன். எழுதினபடி அடியும், படிப்பிக்க வராதையும் என்றேன். மகள், அன்று நான் வாய் திறந்து அந்த நாலு சொல்லை வாசித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். உம்மா ஆஸ்பத்திரி, வரவேண்டாம், வாப்பா. இவ்வளவுதான். எழுத்துப் பிழைக்கு நான் பொறுப்பில்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன், வாசிக்க மாட்டேன் என்றதற்கு என்னிடம் வாதம் இல்லை.

நீ வந்து இறங்கியபோது உம்மா குசினியில் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நீ வாசலில் நின்று அழுதாய். ஆர் உன்னை வரச் சொன்னது என்று நான் கேட்டேன். நீங்கள்தானே வாப்பா தந்தி அடிச்சீங்கள் என்றாய். நான் அடித்தது வரவேண்டாம் என்று, தந்தியைக் காட்டு என்றேன், அவசரத்தில் விடுதி மேசையில் விட்டிட்டு வந்திட்டன் என்றாய். அந்த இடத்தில் உன்னைப் பொய்காரி என்று தீர்த்துவிட்டேன். நீயும் யோசித்துப் பார், குமர்ப்பிள்ளையைத் தனியே பிறநாட்டுக்கு அனுப்பினான் என்று ஊர் முழுக்க என்னைக் கதைத்தது. பள்ளிவாசலில் முகத்துக்கு நேரே கேட்டார்கள். படிக்கப் போற பிள்ளைக்குக் காவல் எதுக்கு என்று ஒற்றை ஆளாக நின்று வாதாடி உன்னை அனுப்பினேன். நீ பாதியில் வந்து நின்றதும் அடுத்த கடை ஜமால்தீன், என்ன அபூதாஹிர், ஜேர்மன் பாசை அதுக்குள்ள முடிஞ்சுதோ, சின்னப் பாசை போல கிடக்கு என்று கேட்டான். அந்தச் சொல்லை உன் தலையில் இறக்கி வைத்தேன். இறக்கி வைக்க எனக்கு ஒரு தலை தேவைப்பட்டது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. லண்டனில் இருந்து புஸ்பராணி எழுதினாள். பரீட்சை முடிய நீ தனியே கோச்சியும் கப்பலும் ஏறி அவளிடம் வருவதாக இருந்தது. அவள் ஆஸ்பத்திரி வேலையில் ஒரு கிழமை லீவு எடுத்து, பக்கத்து அறைத் தாதியிடம் உனக்குக் கட்டில் இரவல் வாங்கிப் போட்டு, மூன்று நாள் லண்டன் ஸ்டேசனில் ஒவ்வொரு கோச்சியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நீ புறப்படுமுன் போட்ட கடிதம் அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கிடைத்தது. உம்மாவுக்கு அவ்வளவு கடுமையோ வாப்பா என்று எனக்கு எழுதிக் கேட்டிருந்தாள். சின்ன வயதில் உன்னோடு பள்ளி விட்டு வந்து எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்து, உன்னைப் பார்த்து என்னையும் வாப்பா என்று கூப்பிடப் பழகிய பிள்ளை. அவளுக்கு நான் எழுதிய பதில், உம்மாவுக்கு ஒன்றுமில்லை, என் மகள் பரீட்சைக்குப் பயந்து வந்துவிட்டாள், வரச் சொன்ன தந்தி என்பது அவள் கட்டிய கதை, இனி அவளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். தமிழில் எழுதினேன் அல்லவா, அந்தக் கடிதத்தில் 'வேண்டாம்' என்ற சொல் ஒரு பிழையும் இல்லாமல் விழுந்தது. பிறகு அவள் உனக்கு எழுதவில்லை. நீ எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் வரவில்லை என்று உம்மா சொன்னா. நான் எழுதியதை உனக்கும் சொல்லவில்லை, உம்மாவுக்கும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

போன மாதம் நீ உம்மாவுக்கு எழுதியதை, லீவில் வந்து நின்ற றஊப் வாசித்தபோது நான் கடைக் கயிறு சுற்றுவதுபோல் பக்கத்தில் இருந்து கேட்டேன். ஜூலை கடைசியில் படிப்பு முடிகிறது, முடிந்ததும் நேரே ஊருக்கு வருகிறேன், இங்கிலாந்தில் பார்க்க எனக்கு இனி ஒருவரும் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரி என்னை விடவில்லை. ஒருவரும் இல்லாமல் போனது நான் எழுதியதால். கந்தோரில் இருந்து திரும்பி வரும்போது றஊப், அப்ப ராத்தா சொன்னது சரி என்று உன்னைப் பற்றி ஒரே ஒரு முறை சொன்னான். நான் ஓம் என்றேன். எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியாது. மன்னிப்பு என்று நீட்டி எழுதுகிற ஆள் நான் இல்லை, பிழை என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன், அதை நீ எத்தனை முறையும் வாசிக்கலாம்.

அல்லாஹ் உன் படிப்பில் பறக்கத்தைத் தருவானாக, தனி வழியில் உனக்குத் துணை நிற்பானாக. கப்பலில் மேல் தட்டில் காற்றுப் பிடிக்க நில், கீழே இருந்தால் வாந்தி வரும். நான் கப்பல் பார்த்தவன், இதையாவது கேள்.

இனிச் செய்யவேண்டியவை. றஊபுக்கு வந்த தந்தியை இதோடு வைத்திருக்கிறேன். பின்புறத்தில் கனகரத்தினம், இவர் எழுதியது U, நினைத்தது A என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார், நான் அவரிடம் தலை குனிந்து கேட்டு வாங்கினேன். நீ அதையும் இந்தக் கடிதத்தையும் தொலைக்காமல் எடுத்துக்கொண்டு, ஜூலையில் பரீட்சையை முழுதாக எழுதிவிட்டு, புஸ்பராணியிடம் போகவேண்டும். நேரே ஊருக்கு வரக்கூடாது. புஸ்பராணிக்கு நான் இன்றைக்கே தனியே எழுதுகிறேன், நான் எழுதிய பொய்யை அவள் என் கையாலேயே திரும்பப் படிக்கவேண்டும். அவள் எனக்குப் பதில் எழுதத் தேவையில்லை, உனக்குக் கதவைத் திறந்தால் போதும். றஊப் கொழும்பில் விசாரித்து, உன் திரும்பும் பயணத்தை இரண்டு கிழமை பிந்தி மாற்றவேண்டும். உம்மா உன் சிநேகிதிக்குத் தொதல் இனிப்புக் கிண்டி அனுப்பவேண்டும், தேங்காய் நான் உரித்து வைத்தாயிற்று. ஜமால்தீனுக்கு நான் போய்ச் சொல்லவேண்டும், இன்னும் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை சொல்வேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் நீங்கள் இருவரும் எனக்கு ஒரு தந்தி அடிக்கவேண்டும். நான் அதைப் பிரிக்க மாட்டேன். கனகரத்தினம் வாசிப்பார், நான் நின்று கேட்பேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மீ. அபூதாஹிர்