தேவாலயத் தரைக்குக் கீழே கிழிந்த பொலித்தீன்

நவம்பர் 20, வியாழன்

எங்கள் பழைய தேவாலயத்தின் பலகைத் தரைக்குக் கீழே ஆள் தவழும் அளவுக்கு இடைவெளி உண்டு. ஈரம் ஏறிப் பலகை உக்காமலிருக்க, தேவாலயத் திருத்த வேலைகள் செய்யும் ராசன் அண்ணை அங்கே மண்ணை மூடித் தடித்த பொலித்தீன் விரித்து ஒட்டியிருந்தார். போன மாதம், மேலே பாடிக்கொண்டிருந்த பாட்டுக் குழுவைப் பகிடிக்குப் பயமுறுத்த உள்ளே தவழ்ந்துபோய்ப் பேய்போலப் பலகையைத் தட்டினேன். அவர்களின் அலறல் பாட்டைவிடச் சுருதியாக இருந்தது. திரும்பும்போது என் பெல்ட் கொக்கி பொலித்தீனை நீளமாகக் கிழித்துவிட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு மழை. இன்று பார்த்தால் பலகையெல்லாம் பூஞ்சணம்.

"ராசன், உம்மடை வேலை இவ்வளவுதானோ? இனி வரவேண்டாம்," என்றார் போதகர்.

"ஐயா, நான் வடிவாத்தான் ஒட்டினனான்."

பேயாய்த் தட்டியவன் பேயறைந்தவனாய் நின்றேன்.

போகும்போது அண்ணை கேட்டார்: "என்னடா, இண்டைக்குப் பகிடி ஒண்டையும் காணேல்லை?"

"வயித்துக்குத்து அண்ணை."

சட்டைப் பையிலிருந்து இஞ்சி டொபி ஒன்றை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.