பூத்திலிருந்து கொண்டுவந்த பெயர்

நேற்றுத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் வேட்டியை முழங்கால்வரை ஏற்றிவிட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாடை வந்ததும் உன் இடது முழங்கால் ஞாபகம் வந்துவிட்டது. மைதானத்துக்கு வந்ததும் உன் முதல் வேலை அதற்குத் தைலம் போடுவதுதான். பையன்கள் உன்னைத் தைலம் சார் என்பார்கள். எனக்கு அவர்கள் பட்டப்பெயர்கூட வைக்கவில்லை. அதற்கும் நான் வயிறெரிந்திருக்கிறேன்.

நீ போய் மூன்று வருடமாகிறது. செத்தவன்மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று தெரிகிறது. ஆனாலும் போகமாட்டேன் என்கிறது.

நம் இலாகா கால்பந்து அணிக்குச் சார் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது நான் பதினோரு வருடம் உதவிப் பயிற்சியாளன். நீயும் உதவிதான், ஆனால் வந்து நாலு வருடம்தான். பந்துக்குக் காற்றடிப்பதும், ஆட்டத்தில் இடமில்லாதவனிடம் போய் அதைச் சொல்லித் திட்டு வாங்குவதும் என் வேலை. சாருக்குப் பிறகு தலைமைப் பயிற்சியாளர் நான்தான் என்று வலியசாலையில் என் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த அரையிறுதி வந்தது. சார் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இடைவேளையில போன் பண்ணு, யாரை இறக்கணும்னு சொல்லுதேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஒரு கோல் பின்னால் இருந்தோம். வெளியே உட்கார்ந்திருந்த பிஜுவை இறக்கினால் சரியாகும் என்று எனக்கும் தோன்றியது. இதை நீ நம்பமாட்டாய். ஆனால் கேட்காமல் எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. வாசலுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். உள்ளே ஒருவர் சாவகாசமாகக் கல்யாணப் பேச்சு பேசிக்கொண்டிருந்தார். அவர் முடித்து, நான் சாரிடம் பேசிவிட்டுத் திரும்பும்போது ஸ்டேடியம் கத்தியது. நீ பிஜுவை இறக்கியிருந்தாய். அவன் கோல் போட்டிருந்தான். கடைசியில் ஜெயித்தும்விட்டோம்.

"சார் யாரச் சொன்னாரு?" என்று கேட்டாய்.

"ஷாஜியை" என்றேன்.

உன் முகம் செத்துப்போனது. "போச்சு மக்கா, சார் என்னைய இனி மூஞ்சியில முழிக்க விடமாட்டாரு" என்றாய். அது பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு ராத்திரி தவிக்கட்டும், காலையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். விடிவதற்குள் சார் போய்விட்டார்.

சார் இடத்துக்கு ஆள் எடுத்த குழுவின் முன்னால் நீ அதை ஒரு குற்றம்போல ஒப்புக்கொண்டாயாம். அவர்களுக்கோ, சார் பேச்சையே மீறி ஜெயித்துக் காட்டிய ஆள் கிடைத்துவிட்டான். செயலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க நல்ல அசிஸ்டன்டாக்கும். அந்த எடத்துக்கு நமக்கு வேற ஆளும் இல்ல, கேட்டோ" என்றார். உனக்கு ஏணி வைத்துக் கொடுத்தது என் பொய்.

அப்புறம் எட்டு வருடம் உனக்குக் கீழே வேலை பார்த்தேன். பையன்கள் முன்னால் உன்னைச் சார் என்பேன். தனியாக இருக்கும்போதும் அது வாயில் வந்துவிடும். நீ கோபப்படுவாய். மற்ற அணிகளிலும் உதவியாளர்கள் மேலே போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிபாரிசு இல்லை, அதிர்ஷ்டம் இல்லை என்று டீக்கடையில் புலம்புவார்கள். நானும் சேர்ந்து புலம்புவேன். எனக்குக் காரணம் தெரியும். இத்தனை வருடம் யாரிடமாவது கேட்டே செய்தவனிடம் போய் யார் கேட்பார்கள்?

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய். "சார் எம்மேல கோவத்தோடதான் போயிருப்பாரு, இல்லியாடே?" என்றாய்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். சார் போனில் பிஜுவைத்தான் சொன்னார். சரி சார் என்று வைக்கப் போனேன். "ஓடாத, மெதுவாப் போ. அவன் இதுக்குள்ள இறக்கியிருப்பான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பதினோரு வருடத்தில் என்னை நினைத்து அவர் அப்படிச் சிரித்ததே இல்லை.

அந்தச் சிரிப்பு உன்னுடையது. நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.