கரண்டியும் கத்தியும்

மார்ச் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

நாங்கள் சுகம். போர் முடிந்து வீடு திரும்பும் சிப்பாய்களைப் பற்றி நீ எடுக்கப்போகும் படத்தின் கதை வந்தது. அண்ணன் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். நாற்பதாம் பக்கத்தில், கத்தியோடு பாய்பவனைச் சிப்பாய் சுடும் இடத்தில், கையைக் காட்டி நிறுத்தினான்.

"கத்தியா? அவன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாம்மா. கையில இருந்தது கரண்டி. தம்பிகிட்ட அப்படித்தானே சொன்னேன்."

போரிலிருந்து வந்த பத்து மாதத்தில் அவன் வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான், அதுவும் உன்னிடம். சொல்வதை எழுதச் சொன்னால் என் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் ஒரு சொல் தவறும். உனக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். திருத்திவிடு. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

மார்ச் 15

அன்புள்ள அம்மா,

தவறவில்லை, தெரிந்துதான் மாற்றினேன். கரண்டி பிடித்திருந்தவனைச் சுட்டவன் வீடு திரும்பினால் யார் அழுவார்கள்? "கரண்டியா? சமையல் படமாய்யா எடுக்கிறோம்?" என்று தயாரிப்பாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணனை நல்லவனாகத்தானே காட்டுகிறேன்?

முதல் காட்சிக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள். அவனை மேடையேற்றி, இது என் அண்ணனின் கதை என்று சொல்லப்போகிறேன். தாடியை மட்டும் எடுத்துவிட்டு வரச் சொல்.

உன் சின்னவன்

ஆகஸ்ட் 22

சின்னவனுக்கு,

முந்தாநாள் நீ மேடைக்கு அழைத்தபோது நாங்கள் ஆண்கள் கழிப்பறையில் இருந்தோம்.

கத்தி மின்னியதும் துப்பாக்கி வெடித்தது. அரங்கம் முழுக்க விசில். பக்கத்து இருக்கைக்காரர் அண்ணனின் தொடையில் தட்டி, "ஒழிஞ்சான்" என்றார், வாய் நிறையச் சோளப்பொரியோடு. அண்ணன் எழுந்து ஓடினான். பின்னாலேயே போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். என் புடவையெல்லாம் வாந்தி. அதைக் கழுவும்போது எனக்கு அருவருப்பு வரவில்லை. வெளியே வந்தால் உன் சுவரொட்டி, ஆள் உயரத்துக்கு அந்தக் கத்தி. குமட்டிக்கொண்டு வந்தது. இன்னும் நிற்கவில்லை. அண்ணன் உன்னை நம்பிச் சொன்னதை நீ விசிலுக்கு விற்றுவிட்டாய்.

நேற்று அவன் பத்திரிகைக்கு நான்கு வரி எழுதினான். அந்த ஆளின் கையில் கரண்டி இருந்தது, நான் அவரைக் கொன்றேன் என்று. விசாரணை வரலாம், சிறைக்கும் போகலாம், அவனுக்குத் தெரியும்.

"பிழை இருந்தா திருத்திக் குடும்மா" என்று நீட்டினான்.

'இறந்தார்' என்று மாற்றிவிடச் சொல்ல வாய் வரை வந்தது. பெற்ற வயிறு. அவன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

'கொன்றேன்' என்பதில் சின்ன ர போட்டிருந்தான். பெரிய ற ஆக்கினேன். வேறெதையும் தொடவில்லை. காலையில் நானே தபாலில் சேர்த்தேன்.

அம்மா