முட்டு வைத்தது நான்தான்

ஜூலை 8
பள்ளிக்கூட நிர்வாகம் என்மேல் வழக்குப் போட்டுவிட்டது. வாசலில் தூண் இல்லாமல் நீளும்படி நான் வரைந்த கூரையில், சுவரை ஒட்டி மேல்பக்கம் விரிசல். "டிசைனே தப்பு" என்று கான்ட்ராக்டர் என்னைக் கைகாட்டிவிட்டார். தோற்றால் கட்டடக் கலைஞர் என்ற உரிமமே போய்விடும். ஒரு மூச்சு அழுதேன். பிறகு கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. சரியாகத்தான் இருக்கிறது!

ஜூலை 10
அண்ணிதான் என் வக்கீல். அண்ணனையே ஆட்டிவைக்கிறவர், இவர்கள் எம்மாத்திரம்? "கேஸ் முடியறவரைக்கும் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காத" என்று உத்தரவு.

ஜூலை 19
படுத்துவிட்டேன்.
விடாத மழை. பிள்ளைகள் அந்தக் கூரைக்கு அடியில்தானே ஒதுங்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தால் விரிசல் அகலமாகியிருந்தது. ஆட்களைக் கூப்பிட்டு, கூரையைத் தாங்க இரும்பு முட்டுகள் கொடுத்து, வழியையும் மறித்தேன்.
"அப்ப தப்பு உங்களுதுதான்னு ஒத்துக்கிறீங்களா?" என்றார் தலைமையாசிரியை.
"இல்ல மேடம். முதல்ல பிள்ளைங்கள பின்வாசல் வழியா அனுப்புங்க."

ஜூலை 20
அண்ணி ஃபோனில் கத்தித் தீர்த்துவிட்டார். "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே! முட்டு வச்சா, கூரை நிக்காதுன்னு நீயே சொன்ன மாதிரிதானே?" இருக்கலாம். ஆனால் நேற்று நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 3
கோர்ட். எதிர்த்தரப்பு வக்கீல் முட்டுகளின் படத்தை ஆட்டி ஆட்டிக் காட்டினார். "உங்க டிசைன்மேல உங்களுக்கே நம்பிக்கை இல்ல, அப்படித்தானே?"
கூண்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். குரல் நடுங்கவில்லை.
"டிசைன்மேல நம்பிக்கை இருக்கு சார். எப்படிக் கட்டினாங்கன்னுதான் தெரியல. உடைச்சுப் பாருங்க. அதுவரைக்கும் முட்டு நிக்கட்டும்."
உட்காரும்போது அண்ணி என் முழங்கையில் கிள்ளினார். பாராட்டா, திட்டா? கேட்கப் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 21
கோர்ட் நியமித்த பொறியாளர் முன்னால் கூரையைக் குடைந்தார்கள்; உள்ளே கம்பி அடிப்பக்கம் கிடந்தது. இப்படி நீளும் கூரையின் நுனி தொங்கப் பார்க்கும், மேல்பக்கம் பிளக்கப் பார்க்கும். அதனால் கம்பி மேலே இருந்தாக வேண்டும். கான்கிரீட் போடுவதற்கு முந்தின மாலை நான் சரிபார்த்தபோது மேலேதான் இருந்தது. மறுநாள் நான் வருவதற்குள் அவசர அவசரமாகப் போட்டிருக்கிறார்கள். கம்பிமேலேயே நடந்து, மிதித்து, அடிக்கு இறக்கிவிட்டார்கள்!
"இந்த முட்டு இல்லேன்னா எப்பவோ விழுந்திருக்கும்" என்றார் பொறியாளர். தலைமையாசிரியை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 14
என்மேல் தவறில்லை என்று தீர்ப்பு. அண்ணி கோர்ட் வாசலிலேயே கட்டிப்பிடித்து, "திமிர் பிடிச்சவளே" என்றார். ஆமாம், இருக்கட்டுமே.

ஆகஸ்ட் 2
பழையதை இடித்து, அதே வரைபடப்படி கூரையைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஒரு கோடுகூட மாற்றவில்லை. கான்கிரீட் போட்ட அன்று விடிவதற்கு முன்பே போய் நின்றுவிட்டேன்; ஒருத்தர் கால் கம்பிமேல் பட விட்டேனா?
இன்று அந்த வழியாக வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கு அடியில் பிள்ளைகள் ஒரே கும்பல், நடுவில் தலைமையாசிரியை. நான் தெருவிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மழையில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது.
"ஏம்மா நனையுறீங்க? இங்க வாங்க, பயமில்லாம நிக்கலாம்" என்று கூப்பிட்டார்.
"தெரியும் மேடம். வரைஞ்சது நான்தானே?"
அவர் பிள்ளைகளை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.