என் வண்டி விடாத புகை

அனுப்புபவர்:
அலியார் கமறியா,
பள்ளிவாசல் வீதி,
மாம்புரி.

பெறுபவர்:
பணிப்பாளர் அவர்கள்,
மின்சார முச்சக்கரவண்டி மாற்றுத் திட்டம்,
பிராந்திய அலுவலகம்,
புத்தளம்.

விடயம்: புகைக்குழாயே இல்லாத வண்டிக்குப் புகைச் சான்றிதழ் கேட்டு, அது அளவுக்கு மேல் புகை விடுவதாகவும் பதிந்து, ஓடவிடாமல் நிறுத்தி வைத்திருப்பது பற்றியது.

மதிப்பிற்குரிய பணிப்பாளர் ஐயா,

1. என்னைத் தங்களுக்கு நினைவிருக்கலாம். கடந்த பெப்ரவரியில் பாலாவிச் சந்தியில் பந்தல் போட்டு நடந்த விழாவில், இந்தக் கரையோரத்தின் முதலாவது மின்சார முச்சக்கரவண்டி என்று மாலை போடப்பட்டது என்னுடைய வண்டிக்குத்தான். சாவியைத் தாங்களே என் கையில் தந்தீர்கள். அந்தப் புகைப்படம் தங்கள் அலுவலகச் சுவரில் தொங்குகிறது. அதற்குக் கீழேயுள்ள வாங்கில் இதுவரை ஆறு நாட்கள் உட்கார்ந்து, தங்களைக் காணாமல் திரும்பியிருக்கிறேன்.

2. வண்டி என் கணவர் ஹஸ்மியுடையது. அவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த பின் நான் ஓட்டுகிறேன். செவ்வாயும் சனியும் காலை ஏழு மணிக்கு அவர் புத்தளத்தில் வைத்தியசாலைக் கட்டிலில் இரத்தச் சுத்திகரிப்புக்கு இருக்க வேண்டும். பெற்றோல் விற்ற விலையில் அந்தப் பயணம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் தங்கள் திட்டத்தில் சேர்ந்தேன். நிபந்தனைப்படி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் கழற்றித் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். அது என் கண் முன்னாலேயே உடைக்கப்பட்டது.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் மின்னேற்றினால் புத்தளம் போய்த் திரும்பி வரும். பாலாவியில் தாங்கள் திறந்துவைத்த மின்னேற்றும் கம்பத்துக்கு இன்றுவரை மின் இணைப்பு வராததையும் நான் பெரிதுபடுத்தவில்லை. லொத்தர்ச் சீட்டு விற்பவர் அதில் குடையைக் கட்டியிருக்கிறார், ஒருவருக்காவது உதவுகிறது.

3. ஆகஸ்ட் 31 உடன் வண்டியின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் முடிவடைய இருந்ததால் புதுப்பிக்கப் பிரதேச செயலகத்துக்குச் சென்றேன். பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் இன்னும் ‘பெற்றோல்’ என்றே இருக்கிறது. அதை மாற்றித் தருவதாகத் தங்கள் அலுவலகம் வாங்கிய விண்ணப்பம் ஏழு மாதமாகப் பரிசீலனையில் இருக்கிறது. பெற்றோல் வண்டி என்றால் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். புகையே வராது என்றேன். கரும பீடத்தில் இருந்தவர், “அது எங்களுக்குத் தெரியும் ராத்தா, கம்பியூட்டருக்குத் தெரியாதே. எங்கயாவது கொஞ்சம் புகை எடுத்துக்கொண்டு வாங்க” என்றார்.

4. இனி எழுதப்போவது என் பிழை. மறைக்க விரும்பவில்லை. அயல்வீட்டு ஸப்வானையும் அவருடைய பெற்றோல் முச்சக்கரவண்டியையும் பரிசோதனை நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். என் வண்டியைப் படம் பிடித்தார்கள், என் இலக்கத்தைப் பதிந்தார்கள், சோதிக்கும் குழாயை மட்டும் ஸப்வானின் வண்டியில் செருகினார்கள். ஸப்வான் தங்கமான மனிதர். ஆனால் அவருடைய வண்டி பன்னிரண்டு வருடமாகக் கற்பிட்டிக் கருவாடு சுமக்கிறது. பரிசோதனையில் அது தேறவில்லை.

ஆகவே பதிவேட்டின்படி, தாங்கள் மாலை போட்ட வண்டி இன்று அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் இரண்டு மடங்கு புகை விடுகிறது. எஞ்சினைத் திருத்தி, திருத்தியதற்கான சான்றுடன் வரும்படி எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. எந்த எஞ்சினை ஐயா? தாங்கள் உடைத்ததையா?

5. அனுமதிப்பத்திரம் இல்லாமலே மூன்றாவது தடவையாகச் செப்டெம்பர் 9 ஆம் திகதி அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன். திரும்பும்போது பாலாவியில் பொலிஸார் மறித்தார்கள். சிகிச்சை முடிந்து வந்த மனிதர் பின் ஆசனத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் கிடந்தார். தண்டம் எழுதினார்கள், அடுத்த முறை வண்டி நீதிமன்றத்துக்குப் போகும் என்றார்கள். வண்டியில் தாங்கள் ஒட்டிய ‘புகையற்ற நாடு’ ஸ்டிக்கரை அங்கிருந்த சார்ஜன் இரண்டு தடவை வாசித்தார். அவர் தன் கடமையைத்தான் செய்தார்.

13 ஆம் திகதி பஸ்ஸில் போனோம். திரும்பும்போது இருக்க இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தவர், வீதியோரத்தில் இறங்கி வாந்தி எடுத்தார். நேற்று, செவ்வாய்க்கிழமை, வர மறுத்துவிட்டார். “எனக்கு ஏலா கமறியா, விடு” என்றார். ஒரு தவணை தவறிவிட்டது. இன்று காலை அவருடைய கால்கள் இரண்டும் வீங்கியிருக்கின்றன. எனக்குக் கோபம் வருகிறது ஐயா. மரியாதையாக எழுதுவதால் அது குறைவு என்று தாங்கள் நினைக்கக் கூடாது.

6. நான் நட்டஈடு கேட்கவில்லை. இந்த வண்டியில் எஞ்சின் இல்லை என்று தங்கள் கையொப்பத்துடன் ஒரு வரி கேட்கிறேன். அதைக் கணினி ஏற்காது என்றால் என் எஞ்சினை எனக்குத் திருப்பித் தாருங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், வரும் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அவரை ஏற்றிக்கொண்டு நான் வண்டியை எடுப்பேன். மறித்தால், மாலை போட்ட அதே சந்தியில்தான் மறிப்பார்கள். தாங்களும் அங்கே வந்து நின்றால் நல்லது. சாவியைத் தந்த கையிலேயே திருப்பித் தந்துவிடுவேன்.

தங்கள் ஒரு வரிக்காகப் பார்த்திருக்கும்,
அ. கமறியா
மாம்புரி, 2025.09.17

இணைப்புகள்:
(அ) எஞ்சின் ஒப்படைத்த பற்றுச்சீட்டின் பிரதி.
(ஆ) ஸப்வானின் புகைக்கு என் பெயரில் தந்த அறிக்கை.
(இ) வைத்தியசாலைத் தவணை அட்டையின் பிரதி. தவறிய நாளுக்கு நேரே வட்டமிட்டிருக்கிறேன்.
(ஈ) வெள்ளைத் துணி ஒன்று. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் புத்தளம் போய்வந்த இரண்டு பயணங்களிலும் வண்டியின் பின்னால் கட்டியிருந்தது. விரித்துப் பாருங்கள், உப்புத் தூசு மட்டும்தான் இருக்கிறது. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடவும். இந்த வீட்டுக்கு வேறு வெள்ளைத் துணி வாங்கும்படி வைத்துவிட வேண்டாம்.