அறக்குளா காக்கா அடி வாங்கப் பழகியது

2025 ஜனவரி 9, வியாழன்

வாடைக் காற்று இன்னும் விடவில்லை. படகு கரையில். நானும் கரையில்.

கல்யாணத் தரகர் முஹம்மது தம்பி வந்து இரண்டு தேத்தண்ணீர் குடித்தார். மகள் அப்ராவுக்கு ஒரு மாப்பிள்ளை. பெயர் சஜீத், சொந்த ஊர் தோப்பூர், கட்டாரில் ஒரு ஹோட்டலில் கணக்கு வேலை. படத்தில் பொடியன் நன்றாகத்தான் இருக்கிறான். என் மனைவி ஸல்ஹாவுக்குப் பிடித்துவிட்டது. பெண் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகத் தேவையில்லை என்று பொடியனின் உம்மா சொல்கிறாவாம். அது பார்த்துக்கொள்ளலாம் என்று தலையாட்டினேன். நோன்பு மாதம் தொடங்குவதற்கு முதல் பதில் சொல்ல வேண்டும்.

எங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஆகவே இது சின்ன விஷயம் இல்லை. ஒரே கூரை, ஒரே குசினி, ஒரே அடுப்பு, என் காலம் முடியும் வரை. படகுக்கு ஒரு ஆள் எடுப்பதென்றால் ஒரு நாள் கடலுக்குக் கூட்டிப் போய்ப் பார்ப்பேன். எஞ்சின் நிற்கும்போது மனிதன் யாரென்று தெரிந்துவிடும். கட்டாரில் இருப்பவனை எந்தக் கடலுக்குக் கூட்டிப் போவது?

"சிகரட் இல்ல, ஒண்டும் இல்ல. வெள்ளிக்கிழமையில கொஞ்சம் கேம் மட்டும்" என்றார் முஹம்மது தம்பி.

கேம்?

ஜனவரி 10, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் மகளிடம் கேட்டேன். அப்ரா டவுனில் ஒரு கல்வி நிலையத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறாள், அவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. சோறு ஆறுவதற்குள் போனில் அவன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். வாளும் கேடயமும் பூதமும் உள்ள விளையாட்டு. சஜீத்துக்கு ஒரு குழு இருக்கிறது, எல்லாரும் நம் மொழி பேசுகிற ஆட்கள். முன்னுக்கு நிற்க ஒரு போர்வீரன் தேவை என்று போட்டிருக்கிறார்கள்.

"ஆனா லெவல் இருவது வேணும் வாப்பா. நீங்க லெவல் ஒண்டு."

யாரென்று சொல்லாமல் உள்ளே போய்ப் பொடியனை எடைபோடுவதுதான் என் திட்டம். அப்ரா மறுக்கவே இல்லை. உடனே தன் டெப்லட்டைக் கொண்டுவந்து எனக்கு ஒரு வீரனைச் செய்து தந்தாள். தாடி வைக்கச் சொன்னேன். பெயர் அறக்குளா, எங்கள் கடலின் பெரிய மீன்.

ஜனவரி 11, சனி

வீரனுக்குப் பிரித்துக் கொடுக்கப் புள்ளிகள் தருகிறார்கள். பலம், தாங்குசக்தி, வேகம், அறிவு, வசீகரம் என்று ஐந்து பேர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். பங்கு பிரிப்பது எனக்குத் தெரியாத வேலையா? மீன் விற்ற காசைப் படகுக்கு, எஞ்சினுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று இத்தனை வருடமாக ஒரு சண்டை வராமல் பிரித்தவன் நான். ஒருவனுக்குக் குறைந்தால் அடுத்த நாள் கடலுக்கு வரமாட்டான். ஐவருக்கும் சமமாகக் கொடுத்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது.

வெளியே போனேன். ஒரு காட்டாடு வந்து முட்டியது. என் வீரன் மௌத்து, செத்தே போனான்.

ஜனவரி 12, ஞாயிறு

அதே ஆடு.

ஜனவரி 13, திங்கள்

அப்ரா பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வாப்பா, வெட்டுக் குத்துக்குப் போற ஆளுக்கு வசீகரம் என்னத்துக்கு? ஆட்டோட சம்பந்தம் பேசப் போறீங்களா?"

ஸல்ஹா குசினிக்குள் சிரித்தது இங்கே கேட்டது.

விளையாட்டுக்குள் ஒரு சாமியார் இருக்கிறார். காசு கொடுத்தால் புள்ளிகளை எல்லாம் திருப்பித் தருகிறார். வாங்கி முழுவதையும் பலத்தில் போட்டேன். கேடயத்தை விற்று என் உயரத்துக்கு ஒரு வாள் எடுத்தேன். ஆடு ஒரே வெட்டில் விழுந்தது! இராச்சாப்பாட்டில் இதைச் சொன்னேன்.

"வீட்டுல கறிக்கு ஒண்டும் இல்ல, இவர் ஆடு வெட்டினாராம்" என்றாள் ஸல்ஹா.

ஜனவரி 24, வெள்ளி

லெவல் இருபது வந்துவிட்டது. காற்றுக்கு நன்றி. இன்று குழுவில் சேர்ந்தேன்.

சஜீத்தின் குரல் மெல்லியது. ஸலாம் சொன்னான். மற்றவன் றம்ஸான், சவூதியில் இருக்கிறான். அடிபட்டவர்களுக்கு மருந்து கட்டுவது அவன் வேலை.

"காக்காக்கு எந்த ஊர்?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் சஜீத்.

"கற்பிட்டி" என்றேன். அது மேற்குக் கரை, சந்தேகம் வராது.

"பேச்சு கிழக்குப் பேச்சு மாதிரி இரிக்கே?"

"வாப்பா மூதூர்" என்றேன். என் வாப்பா டவுனை விட்டு ஒரு நாளும் போனதில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஒரு குகைக்குள் பூதக் கூட்டம். நான் வாளைச் சுழற்றிக்கொண்டு முதல் ஆளாகப் பாய்ந்தேன். முதல் ஆளாக விழுந்தேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சஜீத் பொறுமையாகக் கேட்டான்: "காக்கா, நீங்க ஏன் அடிக்கிறீங்க?"

"போர்வீரன் அடிக்காம என்ன செய்யுற?"

"அடிக்க நாங்க இரிக்கம். முன்னுக்கு நிக்கிறவர்ர வேலை அடி வாங்குறது. அதுகள் எல்லாம் உங்களையே பாத்துக்கொண்டு நிக்கணும். உங்களை விட்டுட்டு எங்கட பக்கம் திரும்பினா நாங்க முடிஞ்சம்."

சரி என்று சொல்லிவிட்டு டெப்பை மூடினேன்.

ஜனவரி 25, சனி

அடி வாங்கவாம்! நானா? துறைமுகத்தில் என் முன்னால் குரலை உயர்த்தின ஆள் உண்டா? இவன் யாரு எனக்குச் சொல்ல? படத்துல பாக்கக்குள்ளயே நினைச்சன், அந்த மூக்கு அவ்வளவு சரியில்ல எண்டு. நாளைக்கே முஹம்மது தம்பிக்கிட்டச் சொல்லுறன் இது சரிவராது எண்டு.

"அவர் சொல்றது சரிதானே வாப்பா" என்றாள் அப்ரா.

அவளுக்கு எப்படித் தெரியும்? நான் காதில் ஒன்றும் மாட்டுவதில்லையாம். சஜீத் சொல்வது எல்லாம் வீடு முழுக்கக் கேட்கிறதாம்.

ஜனவரி 27, திங்கள்

கோபம் தணிந்தது. மறுபடியும் சாமியாரிடம் போனேன். முக்கால்வாசி தாங்குசக்திக்கு, மிச்சம் பலத்துக்கு, அறிவுக்கு ஒன்றும் இல்லை. பெரிய கேடயம். அத்துடன் எதிரியைக் கூப்பிட்டுத் திட்டுகிற ஒரு வித்தை இருக்கிறது. அதைப் போட்டால் பூதங்கள் மற்றவர்களை விட்டுவிட்டு நம்மிடமே வரும். அப்ரா அதை எனக்குக் காட்டிவிட்டு, "இது ஒங்களுக்குப் பழக்கம்தானே" என்றாள்.

பூதத்தின் முகத்தை ஆட்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். படகின் முன்பக்கத்து அணியத்தை அலைக்கு நேரே பிடிப்பது மாதிரி. இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.

ஜனவரி 31, வெள்ளி

பெரிய நாள்.

மலை உச்சியில் ஒரு பறக்கும் பாம்பு, வாயில் நெருப்பு. நான் திட்டினேன், அது என்னையே பார்த்தது. நெருப்பைக் கேடயத்தில் வாங்கிக்கொண்டே நின்றேன். பின்னால் அவர்கள் வெட்டினார்கள். "காக்கா, சுவர் மாதிரி நிக்கிறீங்க!" என்று றம்ஸான் கத்தினான். இந்த வயதில் நெஞ்சு இப்படி நிமிர்ந்தது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது றம்ஸானின் இணைப்பு அறுந்துவிட்டது. மருந்து இல்லை. எல்லாரையும் ஓடச் சொன்னான் சஜீத். எனக்கு ஓடுகிற பொத்தான் எதுவென்று மறந்துபோனது. அவன் வாசல் வரை போய்விட்டான், தப்பியிருக்கலாம். திரும்பி வந்தான். இரண்டு பேரும் கரியானோம். அவன் பல வாரமாகச் சேர்த்த சாமான் எல்லாம் போனது.

எஞ்சின் நின்றுவிட்டது, இனித் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"பரவாயில்ல காக்கா, திரும்ப எடுக்கலாம்" என்றான்.

அதற்குப் பிறகு கதையோடு கதையாக ஒன்று சொன்னான். அவனுக்கு டவுனில் ஒரு சம்பந்தம் பேசுகிறார்களாம். எல்லாம் நல்லதாம். மாமனாரை நினைத்தால்தான் பயமாம். "அவர் வீட்டுல இருந்து ஏசினா படகு கட்டுற ஜெட்டியில கேக்குமாம்."

"சீச்சீ. தங்கமான மனிசன் எண்டுதான் நான் கேள்விப்பட்டன்."

"காக்காக்கு அவரைத் தெரியுமா?"

"…இல்ல."

பெப்ரவரி 1, சனி

முடிவெடுத்துவிட்டேன். இவன்தான். காலையிலேயே ஸல்ஹாவிடம் சொன்னேன், முஹம்மது தம்பிக்கு போன் எடு என்று. அவள் அப்ராவைக் காட்டினாள். கூப்பிட்டுச் சொன்னேன்: பொடியன் நல்லவன், பொறுமைசாலி, ஆளை விட்டுவிட்டு ஓடமாட்டான்.

"ஓம் வாப்பா, நல்லாத் தெரியுது" என்றாள். "ஆனா நான் அவரோட இன்னும் ஒரு சொல்லுக் கூடக் கதைக்கல்ல. நீங்கதான் கிழமைக்குக் கிழமை கதைக்கிறீங்க. அவரைக் கலியாணம் முடிக்கப்போறது நீங்களா?"

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவங்கட உம்மா வேலைய விடச் சொல்றா எண்டு சொல்லக்குள்ள நீங்க தலையாட்டினீங்க. என்னை ஒருக்காத் திரும்பிப் பாக்கல்ல."

பெப்ரவரி 2, ஞாயிறு

நாள் முழுக்கக் கரையில் இருந்து கிழிந்த வலையைத் தைத்தேன்.

பெப்ரவரி 5, புதன்

அப்ரா தனக்கொரு வீராங்கனையைச் செய்கிறாள். மருந்து கட்டுகிறவளாக வந்தால் நல்லதே என்றேன். ஒரு பார்வை பார்த்தாள். வாளெடுத்துவிட்டாள்.

"நானே அவரிட்டக் கேக்கிறன். நீங்களும் வரணும். தனியக் கதைக்கிறது சரியில்ல."

துணைக்குப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது முறைதான். கேடயத்தோடு இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பெப்ரவரி 7, வெள்ளி

புதிதாக ஒரு ஆள் என்று சஜீத்திடம் சொன்னேன். அப்ரா ஸலாம் சொல்லித் தான் யாரென்று சொன்னாள். நான் யாரென்றும் சொல்லிவிட்டாள்.

சஜீத் மெல்ல, "அப்ப… கற்பிட்டி?" என்றான்.

"இல்ல மகன்."

"ஜெட்டிக் கதை…"

"கேட்டன்."

அந்த நேரம் பார்த்துப் பூதங்கள் வந்தன. நான் முன்னுக்குப் போய் நின்றுகொண்டேன், அவர்கள் பின்னால் கதைக்கட்டும். அப்ரா சுற்றி வளைக்கவில்லை. "நான் வேலைய விடமாட்டன். ஒங்கட உம்மா விடச் சொல்றா. நீங்க என்ன சொல்றீங்க?"

சஜீத்தின் வீரன் அசையாமல் நின்றான். ஒரு பூதம் என்னைத் தாண்டிப் போய் அவனை அடித்தது. அப்போதும் நின்றான். யோசித்துக்கொண்டே செத்துப்போனான்.

உயிர்த்து வந்து சொன்னான்: "உம்மாக்கு எதிரா ஒரு சொல்லு நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. இப்ப ஒங்களுக்கு ஓம் எண்டு சொன்னா அது பொய்யாப் போகும். அவக்கிட்டச் சொல்லிட்டு வாறன்."

"சரி. சொல்லிட்டு வாங்க" என்றாள்.

எனக்கு அவனை இழந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. அதைவிட, அவளுக்காக நான் கேட்க வேண்டியதை அவளே கேட்க வேண்டி வந்ததே என்றும் இருக்கிறது.

பெப்ரவரி 10, திங்கள்

முஹம்மது தம்பி மூச்சிரைக்க வந்தார். பொடியன் சொல்லிவிட்டானாம். தோப்பூர் கலங்கிப்போய்க் கிடக்கிறதாம். பொம்பிளைப் பக்கம் மகனுக்கு என்னவோ செய்துவிட்டது என்கிறாவாம் உம்மா. அவ அப்ராவுக்கே போன் எடுத்துக் கேட்கப் போகிறாவாம்.

என் நம்பரைக் கொடுங்கள் என்றேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்

சஜீத்தின் உம்மா போன் எடுத்தா.

ஸலாம் சொன்னதோடு சரி. பிறகு மழைதான். வளர்ப்பு சரியில்லை, படித்த திமிர், கடற்கரைக் குணம், டவுன் ஆட்களின் தலைக்கனம். நான் பழைய ஜெமீலாக இருந்திருந்தால் முதல் வசனத்திலேயே போன் உடைந்திருக்கும். நான் ஸல்ஹாவின் கதிரையில் உட்கார்ந்து, "ஓம் ராத்தா" என்று அக்கா முறை வைத்துக் கேட்டுக்கொண்டேன். அவ மூச்செடுக்க நின்று, "ஒங்கட மகளைக் குடுங்க, நான் கேக்கிறன்" என்றபோதெல்லாம், "எல்லாப் பிழையும் என்ட வளர்ப்புத்தான் ராத்தா, என்னை ஏசுங்க" என்றேன். மறுபடியும் என் பக்கமே திரும்பினா. தேத்தண்ணீர் ஆறியது. ஸல்ஹா கதவடியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கடைசியில் தண்ணீர் கேட்டா. அங்கே யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "அந்தப் புள்ள என்ன படிப்பிக்கிது?" என்று கேட்டா. சொன்னேன். பெண் பிள்ளைகளும் வருகிறார்களா என்றா. கனக்கப் பேர் வருகிறார்கள் என்றேன். "சரி, போகட்டும். ஞாயித்துக்கிழமை வீட்டைப் பாக்க வாறம்" என்று வைத்துவிட்டா.

காது சுட்டது.

அரை மணி நேரத்தில் சஜீத்திடமிருந்து செய்தி: "மாமா, அவக்கிட்ட என்ன சொன்னீங்க? என்னை ஏசத்தான் போன் எடுத்தா, ஏச ஏலாமக் களைச்சுப் போய்ட்டா."

அப்ரா என் தோளுக்கு மேலால் அதை வாசித்தாள். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது. என் பக்கத்தில் கீழே உட்கார்ந்தாள்.

"இப்பக் கேளுங்க வாப்பா, எனக்கு விருப்பமா எண்டு."

கேட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் ஸல்ஹா முஹம்மது தம்பிக்கு போன் எடுக்கப் போய்விட்டாள். இரு, பிள்ளை சொல்லட்டும் என்று நான் போட்ட சத்தம் ஜெட்டி வரைக்கும் கேட்டிருக்கும்.