ஏழாம் கல்லறையின் புல்

குறிப்பு 1 | அக்டோபர் 22, காலை 7.10

செவ்வாய்க் குடியிருப்பு, கல்லறைக் கூடாரம். உள் வெப்பம் 19 பாகை. காற்றழுத்தம் சரி. எழுதுவது தில்லைநாயகி, மண்ணுயிரியல். வயது நாற்பத்தொன்பது. உள்ளே நான் ஒருத்திதான். அதில் குறையொன்றும் இல்லை.

இங்கே ஏழு கல்லறைகள். முதலில் வந்து இறந்த கட்டுமானத் தொழிலாளர்கள். எல்லோரும் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். ஒவ்வொருவரும் தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்து மண்ணைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, சோதனைக்குத் தப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள். தம் குழிமேல் போடுவதற்காக. ஒருவருடையது தேரிக்காட்டுச் செம்மணல், இன்னொருவருடையது கரிசல். அதோடு அறுகும் குப்பைமேனியும் வந்தன. மண்புழு, மரவட்டை, கட்டெறும்பு வந்தன. ஒரு கல்லறையில் இருப்பது பக்கத்துக் கல்லறையில் இல்லை. சட்டப்படி இது கடத்தல். ஆனால் இந்தக் கோளில் காடு என்று சொல்ல வேறெதுவும் கிடையாது.

குறிப்பு 2 | அக்டோபர் 24, மாலை 5.40

வயல் கூடாரத்தில் வேரழுகல் முற்றிவிட்டது. நானூறு பேருக்குச் சேமிப்பு ஜனவரி வரை தாங்கும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஏழாம் கல்லறை அறுகின் வேரில் ஒரு வெள்ளைப் பூஞ்சை. அழுகல் பிடித்த வேரை அதன் அருகில் வைத்தேன். அழுகல் நின்றது. நம்பவில்லை. மூன்று முறை திரும்பச் செய்தேன். நின்றது.

ஒரு சிக்கல். வெளியே போகும் நடைவழியில் கிருமிநாசினி மழை தானாகப் பெய்யும். இளம் பூஞ்சையை மூடிய குப்பியில் அடைத்தால் மூச்சுமுட்டிச் சாகும். திறந்து எடுத்துப்போனால் மருந்தில் சாகும். வித்து பிடித்துச் சாம்பல் பச்சையாக மாறியபின் குப்பியில் அடைக்கலாம். நவம்பர் முதல் வாரம் ஆகும்.

குறிப்பு 3 | அக்டோபர் 26, காலை 9.05

வெப்பக் குழாய் மேற்பார்வையாளர் பிலோமினா வானொலியில் வந்தார். ஏழாம் கல்லறையில் இருப்பவர் அவருடைய கணவர்.

"என்ன டாக்டரம்மா, உள்ள பாம்பு வளக்கியளோ? ரெண்டாந் தேதி கல்லறைத் திருநாள். புல்லச் செத்தி, வெள்ளையடிச்சு, மெழுகுவத்தி வைக்க வாரோம்."

மூன்று ஆண்டுகளாக நிர்வாகம் இவர்களை உள்ளே விடவில்லை. புல் பிழைத்தது அதனால்தான். இந்த ஆண்டு வேலைநிறுத்தம் செய்து அனுமதி வாங்கிவிட்டார்கள். இங்கே சுண்ணாம்பு கிடையாது. பிளீச்சிங் பவுடரைக் குழைத்துத்தான் அடிப்பார்கள். பட்டால் பூஞ்சை சாகும்.

புல்லைத் தொடக்கூடாது என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"புல்லு மொளைச்சுக் கெடந்தா நாதியத்த பொணம்னுல்லா அர்த்தம்! எங்க வீட்டுக்காரர் போனப்போ மொத்த விடுதியும் ஒரு வாரத் தண்ணிய விட்டுக்குடுத்துச்சு, அவுகளக் குளிப்பாட்ட. அழுக்கோட அனுப்புத ஆளுக இல்ல நாங்க. இப்ப எதுக்கு மண்ணக் காப்பாத்துதியன்னு தெரியாதா? அவுக மேல வெளஞ்ச சோத்த எங்களுக்கே போடப்போறிய."

சோதனைப் படங்களை அவர்களுக்கு அனுப்பினேன். யாரும் திறந்து பார்க்கவில்லை. நிர்வாகத்துக்கும் அனுப்பினேன். 'பரிசீலனையில்' என்று பதில் வந்தது.

குறிப்பு 4 | அக்டோபர் 29, பகல் 2.30

கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டேன். விதிப்படி, உள்ளே ஆள் உயிரோடு இருக்கும்வரை பூட்டு அவர் கையில்தான். ஆள் உண்டா இல்லையா என்பதைக் கூரையிலுள்ள வெப்பக் கண் சொல்லும்.

வெளியே கதவை உதைக்கிறார்கள். நான் பூஞ்சையை அளக்கிறேன். எனக்கு இவர்களைப் பிடித்ததில்லை. இவர்களுக்கும் என்னை.

குறிப்பு 5 | அக்டோபர் 31, காலை 6.20

வெப்பம் 4 பாகை. இறங்குகிறது.

பிலோமினா: "சூட்ட அமத்தியாச்சு. நடுங்கிக்கிட்டு நீங்களாவே வருவிய."

கட்டுப்பாட்டு அறை காஸ்பர்: "மேடம், கம்பளி ஒண்ணு அனுப்பட்டா? கதவத் தொறந்தாத்தான் வரும், ஆமா."

குளிரில் புல் சாகும், அதோடு உங்கள் சோறும் போகும் என்றேன்.

"செத்தவுகளுக்கு என்ன குளிரு?" என்றார் பிலோமினா. சிரிப்புச் சத்தம்.

என் வெளியங்கி கதவுக்கு அப்பால் தொங்குகிறது. இங்கே இருப்பது ஒரு வெப்பப் போர்வை மட்டும்.

குறிப்பு 6 | நவம்பர் 1, மாலை

சுழியத்துக்குக் கீழ் 11. மண்புழுக்கள் விறைத்துவிட்டன. எறும்புகள் புற்றுவாயில், ஏறிய நிலையிலேயே. குப்பைமேனி கருத்துத் தொங்குகிறது. ஆறு கல்லறைகள் முடிந்தன.

ஏழாவதிலிருந்து கையகலப் புல்லை மண்ணோடு பெயர்த்து, சட்டைக்குள் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டேன். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கல்லறைமேலேயே படுத்திருக்கிறேன்.

பிலோமினா, உள் கேமராவில் பார்த்துவிட்டு: "ஏ காஸ்பர், எங்க வீட்டுக்காரருமேல படுத்திருக்கா பாரு! எந்திரிட்டி!"

எழவில்லை. பதில் சொல்ல வானொலிப் பொத்தானை அமுக்க வேண்டும். விரல் மடங்கவில்லை. இதை வாயால் சொல்கிறேன். கருவி எழுதிக்கொள்கிறது.

குறிப்பு 7 | நவம்பர் 2

மணி தெரியவில்லை. நடுக்கம் நின்றுவிட்டது. நல்ல அறிகுறி இல்லை.

கழுத்துப் பக்கம் வெளிச்சம் விழுந்தது. பார்த்தேன். சாம்பல் பச்சை. வித்து பிடித்துவிட்டது. புல்லில் மட்டுமில்லை. என் தோலிலும்.

கதவைத் திறக்க வேண்டிய நேரம் இதுதான். கால் வரவில்லை. குப்பி கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. கையும் வரவில்லை.

காஸ்பர்: "யக்கா... அசைவே இல்ல. வெப்பக் கண்ணு உள்ள ஆளில்லங்குது. பூட்டு தானாத் தொறந்துட்டு."

போர்வை. சூட்டை வெளியே விடாத போர்வை. என்னில் மிச்சமிருக்கும் சூடு அதைத் தாண்டவில்லை. வெப்பக் கண் ஏமாந்துவிட்டது.

பிலோமினா வானொலியில் என்னை இருமுறை கூப்பிட்டார். பிறகு: "மெரட்டத்தானலே அமத்துனேன். அவ வெளிய வந்திருவான்னுல்லா இருந்தேன்..."

பிறகு: "சண்டக்காரிதான். அதுக்காக அழுக்கோடயா விடுறது? மேலெல்லாம் மண்ணு, பூசணமா இருக்கும். எல்லாரும் அவுகவுக தண்ணியக் கொண்டாங்க. பிளீச்சிங்க அள்ளிப் போடு. நானே தேச்சுக் குளிப்பாட்டுதேன்."

கத்தினேன். மூச்சளவுதான் வந்தது. கருவி மட்டும் கேட்டது.

இதைப் படிப்பவருக்கு. நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க வேண்டாம். அது பெரிதில்லை. சட்டையைக் கழற்றாதீர்கள். துடைக்காதீர்கள். நானூறு பேர் சோறு என் மேல் இருக்கிறது. போர்வையைப் பிரிக்காமல், நடைவழி மருந்து உள்ளே படாமல், இப்படியே வயல் கூடாரத்துக்குத் தூக்கிப்போய் அந்த மண்ணில் கிடத்துங்கள். பிலோமினா, முதலில் இதைப் படியுங்கள். தண்ணீர் பிறகு.

கருவி என் தலைமாட்டில் கிடக்கிறது. திரைமேல் பனி மூடிக்கொண்டு வருகிறது.

கதவு திறந்துவிட்டது. செருப்புச் சத்தம். நிறையப் பேர்.

யாரோ அழுகிறார்கள்.

வாளியில் தண்ணீர் கலக்கும் சத்தம். பிளீச்சிங் வாடை.